வெறும் நாள் ஒன்று வேண்டும்

தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஏறிய மறுநாளே விடுதி அறைகளில் இன்னோர் அட்டவணையும் தயாராகிவிடுகிறது. விடுமுறைக்கு எங்கே போவது என்னும் அட்டவணை அது. சிம்லா பார்த்தாகிவிட்டது, நைனிதால் அலுத்துவிட்டது, ஆக்ராவோ, ஊரிலிருந்து யார் டில்லிக்கு வந்தாலும் நாமே வழிகாட்டியாய் நின்று காட்டிச் சலித்துப்போன இடம். எஞ்சி நிற்பது கடல். கடலென்றால் கோவா என்றிருந்த காலம் மாறி, இப்போது நண்பர்களின் நாவில் உலவும் பெயர் அந்தமான். வெண்மணல், பச்சை நீர், பவளப்பாறை, தென்னஞ்சோலை என்று படங்களைக் காட்டிக் காட்டி ஒருவர் ஆசையை ஒருவர் மூட்டுகிறார்கள். மூட்டட்டும். வாலிபத்தில் கடல் கடக்காமல் வேறு எப்போது கடப்பது?

ஆனால் அவர்கள் எழுதிவைத்திருக்கும் திட்டத் தாளை வாங்கிப் படித்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. முதல் நாள் காலை விமானம், பிற்பகல் சிறைச்சாலை. இரண்டாம் நாள் விடியலில் படகேறி ஹேவ்லாக். மூன்றாம் நாள் காலை கடலுக்கடியில் மூழ்கிப் பவளம் பார்த்தல், மாலை நீல் தீவு. நான்காம் நாள் திரும்பி வந்து பாராடாங். ஐந்தாம் நாள் காலை ராஸ் தீவு, நார்த் பே, மதியம் விமானம். ஆறாம் நாள் காலை வகுப்பில் ஆஜர்! நிலத்தில் செய்யும் பயணத்திற்கு இப்படி மூச்சு விடாமல் திட்டம் போட்டாலும் பாதகமில்லை. ரயில் தவறினால் பேருந்து உண்டு. பேருந்து தவறினால் லாரிக்காரரைக் கெஞ்சலாம். தீவில் படகு இல்லையென்றால் இல்லைதான்.

தீவுக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்பவர்கள் பலர். எத்தனை நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்பவரைத்தான் காணோம். என் கருத்தில், தீவுப் பயணத்தின் அரிச்சுவடியில் முதல் எழுத்து இதுதான்: திட்டத்தில் ஒன்றுமே எழுதப்படாத வெறும் நாள் ஒன்று வேண்டும்; கூடுமானால் இரண்டு. அந்த நாள் இருப்பவன்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். நிறைந்து வழியும் படகைப் பார்த்து அடுத்ததில் வருகிறேன் என்பான். கடல் கொந்தளித்தால் இன்று இறங்கவில்லை என்பான். அந்த நாள் இல்லாதவன் எல்லாவற்றிற்கும் தலையாட்டியே தீரவேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்கவேண்டாம். 2014ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், குடியரசு தினத்தன்று, போர்ட் பிளேருக்கு அருகிலேயே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாக வந்த நம் தமிழ் மக்கள். நடுக்கடலில் புயலில் சிக்கிய கப்பல் அல்ல அது. ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் போய்வரும் சிறு படகு. ஏற்றிக்கொள்ள வேண்டிய அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்குப் பேர் அதில் ஏறியிருந்தார்கள். ஏற்றியவர்களின் குற்றம் ஏற்றியவர்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் படகுத் துறையில் நின்று பார்த்திருக்கிறோமே, நம் குழுக்கள் ஏறும் விதத்தை! ‘எல்லாரும் ஒன்றாகவே போய்விடலாம்’, ‘கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்’, ‘மூன்று மணிக்குள் அடுத்த இடம் பார்க்கவேண்டும்’ என்றெல்லாம் அவசரப்படுத்துகிறவர்கள் நம்மவர்களே. டவுன் பஸ்ஸில் பழகிய பழக்கம் தண்ணீரிலும் நம்மை விடுவதில்லை.

ஆகவே படகில் கால் வைக்குமுன் செய்யவேண்டியவை மூன்று. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும். படித்துப் பார்த்து, தலைகளை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். மிதவைச் சட்டை, அதாவது லைஃப் ஜாக்கெட், படகில் இருக்கிறது என்பது போதாது. உங்கள் உடம்பில் இருக்கவேண்டும், வார் இறுகக் கட்டியிருக்கவேண்டும். படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். சிறு படகு கவிழ அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வெறும் நாள் எதற்கு என்பதற்கு இன்னொரு சாட்சி 2016ஆம் ஆண்டு டிசம்பர். பின்னால் வர்தா என்று பெயர் பெற்று அம்மாதம் 12ஆம் தேதி சென்னையில் மரங்களைச் சாய்த்ததே, அதே புயல் அதற்கு முந்தைய வாரத்தில் அந்தமானைச் சுற்றிக்கொண்டிருந்தது. படகுகள் நின்றுவிட்டன. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் அகப்பட்டுக்கொண்டார்கள். கடைசியில் கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல் அனுப்பித்தான் அவர்களை மீட்டுக் கொண்டுவந்தன. மழை ஓய்ந்திருக்கவேண்டிய சனவரியிலும், 2019இல், பாபுக் என்ற புயல் ஆறாம் தேதி வாக்கில் அந்தத் தீவுகளைக் கடந்து சென்றது. இவையெல்லாம் நடக்கும் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. நடந்தால் கையில் ஒரு நாளும், பையில் இரண்டு நாள் சோற்றுக்குப் பணமும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எப்போது போவது? நம்முடைய பெரிய விடுமுறை மே, சூன் மாதங்களில் வருகிறது. அதுதான் சங்கடம். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதன்முதல் கால் வைக்கும் இடமே அந்தமான், நிக்கோபார் தீவுகள்தாம். கேரளத்தில் மழை தொடங்குவதற்கும் முன்பே, மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில், அங்கே வானம் இருண்டுவிடும். அதன்பின் செப்டம்பர் வரை மழையும் அலையுமாகவே இருக்கும். பிறகு வடகிழக்குப் பருவம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது. டில்லியின் மழையைப்போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அறை வாடகை குறையும் என்பது உண்மை. ஆனால் குறைந்த வாடகை அறையில் உட்கார்ந்து சன்னல் வழியே மழையைப் பார்க்க ஆயிரம் மைல் போகவேண்டுமா? சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், நீரும் தெளிந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்தக் காலம் வசதியாகவும் வாய்க்கிறது.

பொங்கலைச் சொன்னது வேறு காரணத்திற்காகவும்தான். அந்தமானுக்குக் கப்பல் புறப்படும் துறைகள் சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம். ஊருக்குப் போகும் ரயில் செலவு எப்படியும் உண்டு. சென்னையிலிருந்து கப்பல் பிடித்தால் டில்லியிலிருந்து விமானத்தில் போய்வரும் செலவில் பெரும் பகுதி மிச்சமாகும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவில் ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் கடல். விமானம் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும்; கப்பல் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். மூன்று நாளா என்று மலைக்காதீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் கதவோரம் நின்று வருகிற நமக்கு இது பெரிதா? நான்கு பக்கமும் நீர் வட்டமும், இரவில் டில்லி வானத்தில் காணக் கிடைக்காத நட்சத்திரங்களும், கப்பலின் முன்னால் சிதறிப் பறக்கும் மீன்களும் விமானச் சீட்டுக்கு எட்டாதவை. எனக்குக் கேட்டால், போகும்போது கப்பலும் வரும்போது விமானமும் நல்ல ஏற்பாடு. திரும்பும் தேதி உறுதியாக வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

கப்பலின் தேதி உறுதியானதல்ல. மாதத்திற்குச் சில முறைதான் புறப்படும். பழுது, வானிலை, சரக்கு என்று ஏதாவது ஒன்று அதைத் தள்ளிவைக்கும். கல்கத்தாக் கப்பலுக்கு இன்னொரு எசமானும் உண்டு. ஹூக்ளி ஆற்றில் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் அது நகரமுடியும். மிகக் குறைந்த கட்டணம் பங்க் என்னும் பொதுப் படுக்கை வகுப்பு. அடுக்கடுக்காய்ப் படுக்கை, விசிறி, பலவகை மனிதர், பலவகை மணம். ஒரு போர்வை, ஒரு பூட்டு, ஒரு குடிநீர்க் குடுவை, அவல், வறுகடலை, எலுமிச்சம்பழம், ஊறுகாய் இவற்றோடு போனால் ராஜாவாகப் பயணம் செய்யலாம். கப்பலில் உணவு கிடைக்கும்; அதைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுவதே நாகரிகம். குமட்டல் வருபவர்கள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போடுவது வீண். அவோமின் போன்றவை தூக்கத்தைக் கொடுக்கும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றில் நின்றால் பாதி மயக்கம் தெளியும்.

போய் இறங்கியதும் நம்மவர்களை ஏமாற்றுவது சூரியன். கடிகாரம் டில்லிக் கடிகாரமே. சூரியன் மட்டும் கிழக்கத்திச் சூரியன். இந்திய நேரத்திற்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து போர்ட் பிளேர் பத்துப் பாகை கிழக்கே இருப்பதால் அங்கே எல்லாம் நாற்பது நிமிடம் முந்தி நடக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சூனில் காலை ஐந்துக்கே வெயில் வந்துவிடும். பத்து மணிக்கு எழுந்து, பன்னிரண்டுக்குச் சிற்றுண்டி முடித்து, நான்கு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பும் நம் விடுதி வழக்கம் அங்கே செல்லாது. நான்கரைக்கு எழுந்துவிடுங்கள். பத்து மணிக்குள் கடலை விட்டுக் கரையேறிவிட்டால் வெயிலிலிருந்தும் தப்பலாம். ‘நாம் மதராஸ் வெயிலுக்குப் பிறந்தவர்கள், நமக்கு என்ன செய்யும்’ என்று மார்தட்டுவோர் உண்டு. நீரில் மிதந்தபடி கீழே மீன் பார்க்கும்போது முதுகு முழுதும் வெயிலில் காய்கிறது. குளிர்ந்த நீரால் அது தெரிவதில்லை. இரவு படுக்கும்போது தெரியும். முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குவது நாகரிகக் குறைவு ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். நம் சங்க விழாக்களில் கங்கையும் கடாரமும் கொண்டவன் பெயரைச் சொன்னால் கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று வரும் தீவுகளே இன்றைய நிக்கோபார். அவன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கப்பற்படை அனுப்பித் தாக்கிய ஸ்ரீவிசயத்தை நினைவூட்டும் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரைத்தான் 2024இல் போர்ட் பிளேருக்குச் சூட்டியிருக்கிறார்கள். வரலாற்றின் வேடிக்கை! இருக்கட்டும். கடல் கடந்தவன் பரம்பரை என்று மேடையில் முழங்கும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கிணற்றில் குதித்துப் பழகிய கிராமத்துத் தம்பிகளைத் தவிர்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நகரத்தில் வளர்ந்த தங்கைகளுக்கோ கற்றுக்கொடுப்பாரே இருந்ததில்லை.

சனவரியில் தீவுக்குப் போக நினைப்பவர் அதற்கான ஆயத்தத்தைக் கோடையிலேயே தொடங்கவேண்டும். பல்கலைக்கழகக் குளம் திறந்திருக்கும் மாதங்களில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வேகமாக நீந்தத் தேவையில்லை. மல்லாந்து மிதக்கவும், மூச்சை அடக்காமல் பத்து நிமிடம் நீரில் பதறாமல் இருக்கவும் தெரிந்தால் போதும். கடலில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் பதற்றமே. கரையில் மோதிய அலைநீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி வாய்க்கால்போல் உள்நோக்கி ஓடுவதுண்டு. அதில் அகப்பட்டவன் கரையைக் குறிவைத்து எதிர்நீச்சல் போட்டால் கை சோர்ந்து மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைக் கடந்து, பிறகு கரையை நோக்கித் திரும்பவேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் காட்டவேண்டும். நீந்தத் தெரிந்த வீரர்களே நண்பனைக் காப்பாற்றப் பாய்ந்து அவனோடு சேர்ந்து போவதும் நடக்கிறது. மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள், ஆளை அழையுங்கள், நீங்கள் பாயாதீர்கள்.

முதலையும் உண்டு. சிரிக்கவேண்டாம், அங்கே உள்ளது கடல்நீரிலும் வாழும் உப்புநீர் முதலை. 2010இல் ஹேவ்லாக்கின் கடற்பகுதியிலேயே ஒரு பயணியை அது கொன்றது. அலையாத்திக் காடும் கழிமுகமும் உள்ள இடத்தில் இறங்காமலிருப்பதும், எச்சரிக்கைப் பலகை சொல்வதைக் கேட்பதும், இருட்டிய பின் குளிக்காமலிருப்பதும் போதும். மணலில் படுத்தால் மணல் ஈ கடிக்கும். பாயோ துணியோ விரித்துப் படுங்கள், கடித்த இடத்தைச் சொறியாதீர்கள், சொறிந்தால் புண்ணாகிவிடும். கடல் வற்றும் நேரத்தில் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் பாறையும் பவளமும் வெளியே தெரியும். அப்போது நீந்தவும் முடியாது, வெறுங்காலோடு நடக்கவும் முடியாது. மேற்குக் கரையில் ராதாநகர் மணற்கரை. குளிக்க ஏற்றது அதுதான். ஏற்றமும் வற்றமும் எந்த மணியில் என்று விடுதிக்காரரையோ மீனவரையோ காலையில் கேட்டுக்கொள்வது செய்தித்தாள் படிப்பதைவிடப் பயனுள்ளது.

ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. பயிற்றுநரின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்; இழுப்பு நோயோ காது நோயோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று. அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்திலிருந்து வந்தவன் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும்; அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் அழுத்தம் குறைந்து, சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடம்பிலேயே குமிழி எழும். மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம் வரையிலும் போகலாம். மூழ்கியதற்கும் பறப்பதற்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இருக்கவேண்டும். முழு நாள் விட்டுவிடுவது உத்தமம். முதலில் சொன்ன வெறும் நாளைப் பயணத்தின் கடைசியில் போர்ட் பிளேரில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கும் சேர்ந்தே தீர்ந்துவிடுகிறது.

அந்த வெறும் நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிறைச்சாலையை அரைமணியில் ஓடிப் பார்ப்பதற்குப் பதில் அரைநாள் பாருங்கள். ஏழு சிறகுகளாய்க் கட்டியதில் மூன்றுதான் இன்று நிற்கின்றன; அந்த மூன்றே போதும், ஒரு மாணவனை ஊமையாக்க. மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இருக்கிறது. அபர்தீன் கடைவீதியில் சும்மா நடந்தாலும் பொழுது போகும். தமிழ் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியது வேறு ஒரு தனி வரலாறு. தமிழ் பேசினால் விலை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செய்தி கிடைக்கும்; நாளைக்குப் படகு போகுமா போகாதா என்னும் செய்தி விலைக்குறைப்பைவிடப் பெரிது.

சாமான் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ரஜாயிலிருந்து எழுந்து நேரே போகிறவர்கள் கம்பளிக் கோட்டை விடுதியிலேயே பூட்டிவைத்துவிட்டு, இரண்டு பருத்திச் சட்டை, கைலி, தொப்பி, ரப்பர்ச் செருப்பு, கொசுவிரட்டிக் களிம்பு, வெயில் களிம்பு, புண்ணுக்கு மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீர் புகாத பையில் அடையாள அட்டையும் சீட்டுகளின் அச்சுப் பிரதியும், ரொக்கப் பணம் ஆகியவற்றோடு கிளம்பினால் தோளில் மாட்டும் ஒரு பை போதும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் வந்து சேர்ந்த பிறகு இணைய வசதி முன்போலன்றித் தேறியிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் கைபேசியை நம்பிப் பணமில்லாமல் போகாதீர்கள். தாய்நாட்டுப் பிரசைகளுக்கு அந்தமானின் வழக்கமான இடங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. நிக்கோபாருக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் அனுமதியின்றிப் போகமுடியாது.

தண்ணீர் பற்றியும் இரண்டு வார்த்தை. இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றும். மழை ஓடிக் கடலில் விழுந்துவிடுகிறது. போர்ட் பிளேர் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. மார்ச், ஏப்ரலில் அது வற்றிவர, ஊரார் முறைவைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள். உப்பு போகவில்லை என்று சொல்லி நாம் அரைமணி குழாயடியில் நிற்பது அவர்கள் குடத்திலிருந்து எடுப்பதாகும். அரிசி, பருப்பு, வெங்காயம் யாவும் கப்பலில் வருபவை. ஆதலால் சாப்பாட்டு விலையைப் பார்த்து முகம் சுளிக்காமல், அங்கே கிடைக்கும் மீனையும் தேங்காயையும் நீல் தீவில் விளையும் காய்கறியையும் சாப்பிடுவது பர்சுக்கும் நல்லது. அரசுப் படகுகளில் கட்டணம் குறைவு. ஆனால் தீவு மக்கள் வைத்தியத்திற்கும் பள்ளிக்கும் போகும் வாகனமும் அதுவே. இடம் இல்லையென்றால் அவர்களோடு சண்டை பிடிக்கவேண்டாம்.

பாராடாங் பயணத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடும்படி நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன். அங்கே சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் பார்க்கலாம் என்கிறார்கள். போகும் சாலையோ ஜாரவா மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. வெளியார் பழக்கம் அவர்களுக்கு ஏற்பட்டது சமீப காலத்தில்தான். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. இதே தீவுகளில் சில ஆயிரம் பேராய் வாழ்ந்த பேரந்தமானியர் என்னும் மக்கள், ஒன்றரை நூற்றாண்டில் நோயாலும் குடியேற்றத்தாலும் தேய்ந்து இன்று சில பத்துப் பேராய் நிற்கிறார்கள். அந்தச் சாலையின் சில பகுதிகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2012 தொடக்கத்தில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச்சொன்ன காணொளி வெளிவந்து உலகமே காறித் துப்பிற்று. படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும், வண்டியை நிறுத்துவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

‘நான் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பேன், குகைதானே பார்க்கப்போகிறேன்’ என்று ஒரு நண்பர் வாதிட்டார். அவர் நல்லவர், சும்மாதான் உட்கார்ந்திருப்பார். ஆனால் சன்னல் பக்கத்து இருக்கைக்கு ஏன் போட்டி போடுகிறார்கள் என்று அவரே சொல்லட்டும். டில்லியில் நம் உடை, உணவு, நிறம் ஆகியவற்றைப் பார்த்து யாராவது வேடிக்கைப் பொருளாக நடத்தினால் நாம் எப்படிக் குமுறுகிறோம்! 2017இல் போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்குக் கடல் வழி ஒன்று திறக்கப்பட்டது. படகு கிடைத்தால் அதில் போய்க் குகையைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். திட்டத்தில் ஒரு நாள் மிச்சமாகும். அதுவே நீங்கள் தேடிய வெறும் நாள்.

கூடுதல் நாளுக்குப் பணம் எங்கே என்னும் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் தங்குவதற்கு ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சோறும் வேண்டும். ஒரு தீவைக் குறைத்தால் போகவரப் படகுக் கூலியும் வாடகை வண்டியும் மிச்சம். பெரும்பாலும் அந்தப் படுக்கைக்கு அது கட்டிவிடும். எட்டு நாளில் ஹேவ்லாக் ஒன்றை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தவன் எதையும் இழக்கவில்லை.

திரும்பும்போது பையில் சங்கு, பவளத் துண்டு எதுவும் இருக்கவேண்டாம். பவளமும் பல வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். அம்மாவுக்கு ஏதாவது வாங்கத்தான் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

சனவரிக் கப்பலுக்கு இப்போதே எண்ணமிட்டால்தான் நடக்கும். புறப்படும் தேதிகளை முன்னதாக வெளியிடுவார்கள். பின்பு மாற்றவும் செய்வார்கள். பங்க் வகுப்புச் சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். நம் சங்கத்தில் யாரேனும் ஒருவர் அதைக் கவனித்து, சென்னைக் கப்பலின் தேதி தெரிந்தவுடன் சங்க அறைப் பலகையில் எழுதிவைத்தால் பலருக்கு உபகாரமாயிருக்கும். அதற்குக் கீழேயே, நீச்சல் குளத்தில் சேரவிரும்புவோர் பெயர் எழுதுவதற்கு ஒரு தாளும் ஒட்டிவைக்கலாம்.